லாடமும் நட்சத்திரமும்

சேர் ஹென்றி தலையை இரண்டு தரம் இடமும் வலமுமாக அசைத்தார். வலது கையை நெஞ்சில் வைத்து, சிரித்துக்கொண்டே, "நோ, நோ" என்றார்.

அவருக்கு முன்னால் நின்ற பிலோமினா அக்காவின் முகம் சுருங்கிப்போனது. தேநீர் கொண்டுவந்த தட்டத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கவில்லை.

நெடுந்தீவில் ஒரு பூவரச மர நிழலில், பகல் பதினொரு மணிபோல நடந்த காரியம் இது. அங்கே மூன்று பேர்தான் இருந்தோம். என்ன நடந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும்.

இதை இந்தத் தொடரில் எழுதுவதா விடுவதா என்று கன கிழமையாக யோசித்தேன். இதுவரை நீதிமன்றக் கதைகளும் பகிடிகளுமாக எழுதிக்கொண்டு வந்தேன், நீங்களும் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். இந்தக் கிழமை சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தபடியால் சேர்

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், கரம்பொன்னில் பிறந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சாட்சி சொல்வதை நீதவானுக்கும், நீதவான் கேட்பதைச் சாட்சிக்கும் மாற்றிக் கொடுப்பது என் தொழில். சாட்சியின் இருமலை மட்டும்தான் விட்டிருக்கிறேன் என்று பெருமையடிப்பேன். ஒருமுறை ஒரு சாட்சிக்காரன் நீதவானைப் பார்த்து, "உமக்கென்ன மூளை பிசகே?" என்று கேட்டுவிட்டான். நான் எழுந்து, தலையைத் தாழ்த்தி, மரியாதையோடு அதையும் மொழிபெயர்த்தேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் லண்டனில் இருக்கும் என் மருமகன் தொலைபேசி எடுத்தான். தனக்குத் தெரிந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் நெடுந்தீவைப் பார்க்க வருகிறார், தமிழ் தெரியாது, கூட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்டான். கொரோனா வருவதற்கு இரண்டொரு வருடம் முன்பு அது.

வந்தவர்தான் சேர் ஹென்றி. குடும்பப் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். எழுபது தாண்டிய ஆள், பனை போல உயரம், முழங்காலில் வருத்தம். எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சுருட்டிச் சாப்பிட்ட விதத்தை என் மனைவி இன்றைக்கும் செய்து காட்டுவாள்.

எங்கள் ஊரில் படிப்பிக்கிற எல்லாரும் சேர்தான். இவர் பிறந்தபடியால் சேர். பரோனெட் என்று ஒரு பட்டம் இருக்கிறதாம். பிரபுவுக்குக் கீழே, சாதாரணச் சேருக்கு மேலே. தகப்பனுக்குப் பிறகு மூத்த மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் ஆண்வழியில் கிட்டிய சொந்தத்துக்கு. பெண்வழியில் போகாது. ஹென்றிக்குப் பிள்ளைகள் இல்லை, ஆண்வழியில் வேறு ஒருவரும் மிஞ்சவில்லை. "என்னோடு முடிகிறது" என்று அவர் சொன்னபோது, கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல அமைதியாகச் சொன்னார்.

நீலக் கேடயம்

முதல்நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டு, ஒரு நீளமான தாளை விரித்தார். துணி ஒட்டிய பழைய தாள். அவர்களுடைய வம்சாவளி. மேலே வர்ணத்தில் குடும்பச் சின்னம்.

நீலக் கேடயம். நடுவில் வெள்ளை லாடம். மூலையில் சின்னதாக ஒரு சிவப்பு உள்ளங்கை; அது பரோனெட்டுகளுக்கு மட்டும் உரிய அடையாளம் என்றார். கேடயத்துக்கு மேலே முகமூடி திறந்த இரும்புத் தொப்பி. கீழே லத்தீனில் ஒரு வாசகம். "பிடித்ததை விடோம்" என்று அர்த்தமாம். எங்கள் தீவில் காணி வழக்காடுகிற எவருடைய வாசலிலும் அதை எழுதி வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூத்த மகனுக்குத்தான் அந்தச் சின்னம் முழுதாகச் சேரும். இரண்டாம் மகன் அதில் ஒரு பிறையைச் சேர்க்க வேண்டும். மூன்றாம் மகன் ஒரு நட்சத்திரம். கலியாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குச் சிலவேளை சரிவாக ஒரு கீறு. பார்த்தவுடன் யார் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.

பிறகு தாளின் நடுவே விரலை வைத்தார். அவருடைய பாட்டனாரின் பாட்டனாருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். மூன்றாவது மகன் படையில் சேர்ந்து, கடல் கடந்து, வெள்ளைக்காரர் காலத்தில் நெடுந்தீவில் குதிரை வளர்க்கிற வேலையைப் பார்த்தவர். காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார். தாளில் அவருடைய பெயருக்குக் கீழே மூன்று சொற்கள்: மணமாகவில்லை. வாரிசு இல்லை.

"யாராவது ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்" என்றார் ஹென்றி. அதை அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். பின்னால் நடந்ததற்கு எனக்குத் தெரியாது என்று சாட்டுச் சொல்ல வழியில்லை.

அவர் காட்டியபின் நான் சும்மா இருப்பேனா? எங்கள் வளவின் கதையை அவிழ்த்துவிட்டேன். ஏழு தலைமுறை, கோயிலில் எங்களுக்குரிய முதல் மரியாதை, ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் பதிந்த காணி உறுதி, எல்லாம். ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக்கூடாது என்று வாயால் சொல்வோம். கலியாணம் பேச வெளிக்கிட்டால் அதைத்தான் முதலில் பார்ப்போம். ஹென்றி பெரிய மரியாதையோடு கேட்டார். பரோனெட்டும் நானும் ஒரு தட்டு என்று எனக்குள் ஒரு நினைப்பு ஏறிவிட்டது.

மாட்டுக் கேஸ்

கேடயத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் ஞாபகம் வந்தது மாடுகள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாட்டுக் களவு வழக்கு வந்தது. நெடுந்தீவில் மாடுகள் அவிழ்த்துவிட்டபடி மேயும். எது யாருடையது என்று சொல்வது தொடையில் சுட்ட குறி ஒன்றுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. மகன் தனியாகப் போனால் தகப்பன் குறியில் ஒரு புள்ளி சேர்ப்பான். பெண்ணுக்குச் சீதனமாகப் போன மாட்டின் வழியில் குறி போனால் கீழே ஒரு கீறு. குறியில்லாத மாடு அங்கே தகப்பனில்லாத பிள்ளை மாதிரி.

அந்த வழக்கில் களவெடுத்தவன் பழைய குறிக்கு மேலேயே தன் குறியைச் சுட்டிருந்தான். மிருக வைத்தியர் வந்து அந்த இடத்து மயிரைச் சிரைத்தார். பழைய குறி அடியிலிருந்து தெளிவாக வந்தது. "மயிர் வளர்ந்தா மறையும் ஐயா, அழியாது" என்று மாட்டுக்காரன் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன்.

இதை ஹென்றிக்குச் சொல்ல வாய்வரை வந்தது. பெரிய மனிதருடைய குலச்சின்னத்தைக் கொண்டுபோய் மாட்டுத் தொடையோடு ஒப்பிடுவதா என்று விழுங்கிவிட்டேன். நான் விழுங்கிய முதல் வசனம் அது.

பூவரச நிழல்

அடுத்தநாள் காலைப் படகில் போனோம். சோளகக் காற்று தொடங்காத நேரம், கடல் படுத்துக் கிடந்தது. இறங்குதுறையில் ஓட்டோ பிடித்து, பழைய குதிரை லாயத்துக்குப் போனோம். தூண்கள் மட்டும் நின்றன. ஹென்றி ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தார். கல்லறை ஒன்றும் இல்லை, எழுத்து ஒன்றும் இல்லை. வெயிலில் அவருடைய மூக்கு சிவந்துவிட்டது.

"பிலோமினா அக்காவைக் கேளுங்கோ. குதிரைக்காரத் துரையின்ர கதை அவவுக்குத்தான் தெரியும்" என்று ஓட்டோக்காரர் கொண்டுபோய் ஒரு படலையில் இறக்கிவிட்டார்.

கடலில் எடுத்த முருகைக்கல் வேலி, ஓட்டு வீடு, வாசலுக்கு மேலே மாதா படம். மாடு வளர்த்துச் சீவிக்கிற மனுசி. என்னைவிட எட்டு வயதாவது மூப்பு. வந்த காரியத்தைச் சொன்னேன். "இரும் தம்பி" என்றார். மனதில் ஒரு சின்ன முள் குத்தியது. இவ்வளவு காலமும் நெடுந்தீவு ஆட்கள் என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஹென்றியை மர நிழலில் கதிரையில் இருத்தி, பால்தேத்தண்ணி கொடுத்தார். பிறகு என்னை மட்டும் வேலிக்கு அப்பால், மாடு கட்டியிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதைப் பாரும்."

செங்காரிப் பசு. பின் தொடையில் குறி. ஒரு லாடம். அதன் நடுவில் நட்சத்திரம். அடியில் சரிவாக ஒரு கீறு.

சிவப்புக் கை இல்லை. இருக்கவும் கூடாது, மூன்றாம் மகன் பரோனெட் இல்லையே. முதல்நாள் என் சாப்பாட்டு மேசையில் படித்த பாடம் முழுவதும் அந்தத் தொடையில் இருந்தது.

"எங்கட அம்மம்மாவின்ர அம்மம்மாவை அந்தத் துரை வச்சிருந்தவர். ஒரு பொம்பிளைப் பிள்ளை. சாகிறதுக்கு முன்னம் பிள்ளைக்கெண்டு ஒரு பசுவும் கண்டும், தன்ர குறி சுடுற இரும்பும் குடுத்தவராம். பொம்பிளை வழியெண்டபடியா எங்கட ஆக்கள் கீறு போட்டவை. அந்தக் காலத்தில இருந்து தாய்க்குப் பிறகு மகளெண்டு வருது" என்றார். கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். "ஊருக்குள்ள எங்களைத் தகப்பன் பேரில்லாத சாதியெண்டுதான் சொல்லுறவை. என்ர மகளுக்குப் பேசின நல்ல சம்பந்தமும் அதாலதான் குழம்பினது."

 அவர் மர நிழலுக்குத் திரும்பி, தட்டத்தை எடுத்துக்கொண்டு நேரே ஹென்றியின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இப்ப நீர் சொல்லும். அவற்ற குடும்பத்து ஆள்தான் எங்கட வம்சத்துக்கும் மூத்தவர். காணி பூமி ஒண்டும் நான் கேக்கேல்லை. ஓம், நீங்களும் எங்கட ஆக்கள்தானெண்டு அவர் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

ஹென்றி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில், "இன்னொரு கோப்பை தேநீர் குடிப்பீர்களா என்று கேட்கிறார்" என்றேன்.

அவர் தலையை இரண்டு தரம் அசைத்தார். கையை நெஞ்சில் வைத்தார். "நோ, நோ" என்றார்.

நோ என்ற சொல் நெடுந்தீவில் மாட்டுக்கும் விளங்கும்.

சாட்டுகள்

ஏன் அப்படிச் செய்தேன்? வீடு திரும்பும் படகிலேயே காரணங்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் பெண்ணொருத்தியை ஒரு துரை தாலி கட்டாமல் வைத்திருந்தான் என்று வெள்ளைக்காரனிடம் என் வாயால் சொல்வதா? அந்த மனுசியின் மானத்தையல்லவா காப்பாற்றினேன்? படகுக்கும் நேரமாகிவிட்டதே?

எல்லாம் சாட்டு. அவருடைய மானத்தைக் காப்பாற்றச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. உண்மை வேறு. ஏழு தலைமுறைக் கதையைப் பரோனெட்டுக்கு அளந்துவிட்டு வந்த எனக்கு, என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரு மாட்டுக்காரி அந்தப் பரோனெட்டின் சொந்தக்காரி என்று தெரிந்தபோது பொறுக்கவில்லை. எரிச்சல். அவ்வளவுதான். முப்பது வருடம் சத்தியம் செய்து, களவெடுத்தவனின் பொய்யையும் ஒழுங்காக மொழிபெயர்த்தவன், ஒரு பெண் சொன்ன உண்மையை விழுங்கினேன்.

அவருடைய முகம் சுருங்கியபோதாவது திருத்தியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். வேலிக்கு அப்பால் பத்து அடியில் பசு நின்றது. நான் ஹென்றியின் கையைப் பிடித்து எழுப்பி, "படகு போய்விடும்" என்றேன். அவர் போகிற போக்கில் பிலோமினா அக்காவை ஒரு படம் எடுத்தார்.

நன்றியுரை

கொரோனா அடங்கிய பிறகு லண்டனிலிருந்து ஒரு பொதி வந்தது. தடித்த அட்டைப் புத்தகம். அட்டையில் நீலக் கேடயம், வெள்ளை லாடம். சேர் ஹென்றி தன் குடும்ப வரலாற்றை எழுதி முடித்து, அச்சில் பார்த்த சில மாதங்களில் காலமாகிவிட்டார் என்று அவருடைய சட்டத்தரணி கடிதம் வைத்திருந்தார். பட்டம் அவரோடு முடிந்தது.

மூன்றாம் மகனுக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. குதிரை லாயத் தூண்களின் படம் இருந்தது. பிலோமினா அக்காவின் படமும் இருந்தது. வேலிக்கு மேலால் பசுவின் தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது. அடியில், "எங்களுக்குத் தேநீர் தந்த உள்ளூர்ப் பெண்." வேலி இன்னும் ஒரு முழம் தாழ்வாக இருந்திருந்தால் தொடை தெரிந்திருக்கும். வம்சாவளித் தாளில் அதே மூன்று சொற்கள் அப்படியே இருந்தன.

நன்றியுரையில் என் பெயர். "இவருடைய ஒவ்வொரு சொல்லையும் நான் நம்பக்கூடியதாக இருந்தது" என்று எழுதியிருந்தார்.

புத்தகத்தை அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். எத்தனையோ மாதம் அங்கேயே கிடந்தது. கடைசியில் ஒருநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "இதை எனக்குச் சொல்லி என்ன? அந்த மனுசியிட்டைப் போய்ச் சொல்லுங்கோவன்" என்றாள்.

குறியில்லாத கன்றுகள்

போன தை மாதம் தனியாகப் போனேன். புத்தகம் கைப்பையில் இருந்தது.

படலையைத் திறக்கும்போதே கவனித்தேன். முற்றத்தில் நின்ற இரண்டு கன்றுகளிலும் இன்னும் கன்று போடாத ஒரு நாகு மாட்டிலும் குறி இல்லை. தொடை வழவழவென்று இருந்தது.

பிலோமினா அக்கா மெலிந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் தம்பி என்று சொல்லவில்லை. "வாங்கோ ஐயா" என்றார். இதைத்தானே அன்றைக்கு ஆசைப்பட்டாய் என்று மனம் சொன்னது.

"கண்டுகளுக்குக் குறி சுடேல்லையோ அக்கா?"

"அந்த மனுசன் போன கையோட இரும்பைக் கொண்டுபோய்க் கடலுக்கை எறிஞ்சுபோட்டன்" என்றார். "எங்கட ஆக்களில்லையெண்டு முகத்துக்கு நேர சொன்னவன்ர குறி எங்களுக்கு என்னத்துக்கு? மகளுக்கும் சொல்லிப்போட்டன், ஊர் சொன்னது சரி, எங்களுக்குத் தகப்பன் வழியில்லையெண்டு."

 கேட்காமலே கதிரையில் இருந்தேன். அதே கதிரையா தெரியாது, இடம் அதே பூவரச நிழல்.

பிறகு சொன்னேன். சாட்சிக்கூண்டில் நிற்கிறவன் மாதிரி, ஒரு சொல் விடாமல். அக்கா சொன்னது என்ன, நான் ஹென்றிக்குச் சொன்னது என்ன, ஹென்றி தலையசைத்தது எதற்கு. யாராவது இருந்திருந்தால் நல்லது என்று முதல்நாள் அவர் ஆசைப்பட்டதையும் சொன்னேன். இப்போது அவர் இல்லை என்பதையும் சொன்னேன். புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன், விரிக்கத் துணிவு வரவில்லை.

அக்கா அட்டையிலிருந்த லாடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவர் எங்களை இல்லையெண்டு சொல்லேல்லையே?"

"இல்லை அக்கா."

"என்ர தேத்தண்ணியைத்தானே வேண்டாமெண்டவர்?"

"ஓம்."

"அவருக்கு ஒண்டும் தெரியாமலே போட்டுது?"

"ஓம் அக்கா. என்னாலதான்."

அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன், திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் எழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குசினிக்குள் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. ஒரு கன்று வந்து என் கைப்பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

சிறிது நேரத்தில் குசினி வாசலில் வந்து நின்றார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

 தலையை எந்தப் பக்கம் அசைக்கவும் பயமாக இருந்தது. அசையாமல் இருந்து, "ஓம் அக்கா" என்று வாயால் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்று சந்தேகம் வந்து இன்னொருமுறையும் சொன்னேன்.